திப்பியில் வளர்ந்த சிவப்பு ஈஸ்ட்

எங்கள் ஆய்வகத்தில் இருந்த உருப்படியான ஒரே உயிர் செத்துப்போனதால் நான் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டியதாயிற்று.

உயிர் என்றால் ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்டுக்கு இது தூரத்துச் சொந்தம். கண்ணாடிக் குழாய்க்குள் குல்கந்து அப்பினதுபோல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும். சர்க்கரை நிறையவும் தழைச்சத்து கொஞ்சமாகவும் கொடுத்தால், பெருகுவதை நிறுத்திவிட்டு உடம்புக்குள் எண்ணெய் சேர்க்க ஆரம்பிக்கும். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தருகிற கரோட்டின் வகை நிறமியும் அதோடு சேரும். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர். அந்தத் திப்பியில் இந்த ஈஸ்டை வளர்த்து எண்ணெயும் நிறமியும் எடுக்கலாம் என்பது எங்கள் திட்டம். திட்டத்தின் தலைவர் பேராசிரியர். திட்டத்தில் வேலை செய்தது நான்.

எண்பத்தேழாம் வருடம் எங்கள் அலமாரிக்குள் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் புகுந்தன. அவை ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குப் பூஞ்சையைக் காலில் ஒட்டிக்கொண்டு நடந்தன. இரண்டே வாரத்தில், பதினேழாம் எண் என்று நாங்கள் அழைத்த அந்தச் சிவப்பு ஈஸ்ட் இருந்த எல்லாக் குழாய்களும் பச்சை. அடுத்த மாதம் நிதி கொடுக்கிறவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது.

"வளர்மதி வேலையை விட்டுப் போகும்போது ஒரு குழாயைத் திருடிக்கொண்டு போயிருப்பாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்" என்றார் பேராசிரியர். "அந்தச் சந்தேகம் உண்மையாக இருக்க வேண்டும் என்று இப்போது கும்பிடுகிறேன். போய் வாங்கிக்கொண்டு வா."

வளர்மதியும் நானும் ஒரே மேசையில் இரண்டு வருடம் வேலை செய்தவர்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஓர் இடம்தான் இருந்தது. அது எனக்குக் கிடைத்தது. அவள் ஊருக்குத் திரும்பி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆகிவிட்டாள். பேராசிரியர் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அவளுடைய முகவரி என்று எங்களிடம் இருந்தது, கள்ளக்குறிச்சியில் கமால் பாய் என்பவரின் தீவனக் கடை.

வடமாவட்டங்களில் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். அதைச் சொன்னேன். "பேப்பர்காரன் எழுதுவதை எல்லாம் நம்பாதே" என்றார். அவர் பயணம் போகவில்லை.

முதல் நாள் மதியம் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். நான் மார்த்தாண்டத்துக்காரி. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் ஓடும், இல்லாவிட்டால் மழை பெய்யும். இங்கே பேருந்து நிலையத்தில் ஓடியது ஒரு பன்றி. வெயில், தகரத்தின் மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. டீ மட்டும் எங்கள் ஊர் டீயைவிட நன்றாக இருந்தது. இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

கமால் பாயின் கடையில் பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மாவப் பாக்க வந்தீங்களா? அது மேல கீதுங்க. சந்தைக்கு சந்தை எறங்கும். நாளைலேர்ந்து பஸ் இருக்காதுன்றாங்களே, எப்டிப் போவீங்க?"

"காலையில முதல் பஸ் போகும்னு கண்டக்டர் சொன்னாரு."

"அவுரு சொல்லுவாரு. அவுருக்கு நாளைக்கு லீவு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மும்தாஜு, மெட்ராஸ்லேர்ந்து டீச்சரோட சிநேகிதம் வந்துகீது. வூட்ல தங்கட்டும். லாட்ஜெல்லாம் சரி வராது."

மும்தாஜ் அக்கா குஸ்காவும் அதற்குத் தொட்டுக்கொள்ள தால்சாவும் வைத்தார். அதோடு ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றி, அப்படியே கல்லில் போட்டு எடுத்துவந்தார். அந்தக் கருவைப் பார்த்ததும் எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் கோழி முட்டையின் கரு மஞ்சளாக இருக்கும். கடை முட்டையின் கரு வெளுத்திருக்கும். இது நன்றாகப் பழுத்த பப்பாளியின் நிறம்.

"மலை முட்டைமா. டீச்சரு அனுப்புறது" என்றார் அக்கா.

"இதுக்குன்னே ஆளுங்க வராங்க" என்றார் பாய். "நம்ம கடைல திப்பி வாங்கும், தவுடு வாங்கும். வேற இன்னா கலக்குதுன்னு கேட்டா சிரிக்கும். சாப்புடுங்க, ஆறிடப் போவுது."

பதினேழாம் எண் உயிரோடு இருந்தது. அதன் நிறமியை நான் வெங்காயத்தோடு சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் கண்டக்டர் சொன்னது உண்மையாகிவிட்டது. முதல் பஸ் கிளம்பியது. கச்சிராயபாளையம் தாண்டினதும் நின்றது. முன்னால் சாலையின் குறுக்கே ஒரு பெரிய மரம் கிடந்தது. பின்னால் வந்த லாரிக்குப் பின்னால் இன்னொரு மரம் சாய்கிற சத்தம் கேட்டது. டிரைவர் இஞ்சினை நிறுத்தி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கத் தயாரானார். ஒரு வாரத்துக்கான ஏற்பாடு அவரிடம் இருந்தது போலும்.

மரத்தருகே முப்பது நாற்பது பேர். அரிவாள், கோடாலி, இரண்டு பேர் இழுக்கிற ரம்பம். நான் பையோடு இறங்கிப் போனேன். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் மறித்தார்.

"எங்கமா போறீங்க?"

"வெள்ளிமலைக்கு."

"ஒரு வாரத்துக்கு எதுவும் போவாது. பையில இன்னா?"

திறந்து காட்டினேன். பஞ்சால் வாயடைத்த எட்டுக் கண்ணாடிக் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு ஐஸ் பிளாஸ்க். கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"இன்னாமா இது, குண்டா?"

"இல்லங்க. கடல்பாசிக் கூழ். ஈஸ்டுக்குச் சாப்பாடு."

"ஈஸ்ட்டு எங்க?"

"அதத்தான் தேடிப் போறேன்."

அவர் மற்றவர்களிடம் திரும்பி விளக்கினார். "சோத்த எடுத்துக்கினு போவுது. துண்றவனக் காணோமாம்."

அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். "நீங்க இன்னா ஆளுங்க?"

"கிறிஸ்டியன்."

"அது சாமி. ஆளுங்க இன்னான்னு கேட்டேன்."

சொன்னேன். அது எந்தப் பட்டியலில் வருகிறது என்று அவர்களுக்குள் விவாதம் வந்தது. ஒருவர் பி.சி. என்றார். ஒருவர் மதம் மாறினால் கிடையாது என்றார். மூன்றாமவர் அந்த ஜில்லாவுக்குத் தனிக் கணக்கு என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் படித்த எந்தக் கல்லூரியிலும் இந்த விஷயத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை மரத்தூள். "வெள்ளிமலைல யாரப் பாக்க?"

"வளர்மதின்னு ஒரு டீச்சர்."

"எந் தங்கச்சி" என்றார். அவர் பெயர் ஏழுமலை. சங்கராபுரம் பக்கத்தில் ஊர். பிறகு நான் கேட்காமலே அவர் சொன்னார். "எங்க ஊர்ல எம்.எஸ்ஸி படிச்ச மொத ஆளு அது. மெட்ராஸ்ல ஒரு எடம் இருந்துச்சாம். நல்லா வேல செஞ்சுதாம். வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. நான் இங்க நிக்கிறதே அதுக்குத்தான். யாருக்குக் குடுத்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

யாராவது பெரிய இடத்துப் பிள்ளையாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மேலே கேட்கவில்லை. என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கிளைகளை வெட்டி வழி பண்ணி, கை கொடுத்து என்னை மரத்தின் மறுபக்கம் இறக்கிவிட்டார். ஒரு சொம்பு கூழும் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்க எனக்கு நேரமானது.

"கொஞ்ச தூரம் நடந்தா உப்பு மூட்டை ஏத்திக்கினு ஒரு ஜீப்பு நிக்கும். டிரைவரு மலையாளி. கூட்டிக்கினு போவாரு" என்றார்.

மலையாளி என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. எங்கள் ஊர் கேரள எல்லையில் இருக்கிறது. ஜீப்பைக் கண்டதும் நல்ல மலையாளத்தில், வீடு எங்கே, கொல்லமா, கோட்டயமா என்று விசாரித்தேன்.

"இன்னாங்க சொல்றீங்க?" என்றார் டிரைவர்.

கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மலையை ஆள்கிறவர்கள். மலையாளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மீதி வழி முழுக்க நான் உப்பு மூட்டைமேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து போனேன். அவர்தான் பாவப்பட்டுப் பேசினார்.

"கீழ எடம் கேட்டு மறிக்கிறாங்க. எங்களுக்கு எடம் கீதுன்றாங்க. காலேஜுக்குப் போவ பஸ்ஸுதான் இல்ல."

பள்ளி ஓட்டுக் கட்டடம். பின்பக்கம் கோழிகளின் சத்தம். வளர்மதி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் நீளமான மத்தை விட்டுக் கடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மத்தை நிறுத்தவில்லை.

"ஈஸ்ட்டு செத்துடுச்சா?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருசமா எட்டிப் பாக்காத மனுசன் நலமா நலமான்னு ரெண்டு லெட்டர் போட்டாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒக்காரு. இன்னும் அம்பது தடவ கடையணும்."

டிரம்முக்குள் கஞ்சி, ரோஸ் நிறத்தில். இந்த ஈஸ்டுக்குக் காற்று வேண்டும். சென்னையில் அதற்கென்று குடுவைகளை இரவுபகலாக ஆட்டுகிற இயந்திரம் வைத்திருந்தோம். மின்சாரம் போனால் நின்றுவிடும். வளர்மதியின் மத்து மின்சாரத்தை நம்பவில்லை. மணிக்கொருமுறை அவளோ, சமையல்காரம்மாவோ, வீட்டுப்பாடம் எழுதாத வகுப்போ கடைந்தார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் அவள் திப்பியைப் பக்குவம் செய்த விதம். திப்பியில் இருப்பது மாவு. எங்கள் ஈஸ்ட் மாவைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். மாவைச் சர்க்கரையாக்க நாங்கள் அமிலம் ஊற்றிக் காய்ச்சினோம். பிறகு அமிலத்தைக் கொல்லச் சோடா போட்டோம். அதனால் உப்பு கூடி, ஈஸ்ட் முக்கால்வாசி நாள் முறைத்துக்கொண்டு கிடந்தது. வளர்மதி திப்பியைக் கொதிக்கவைத்து, சற்று ஆறவிட்டு, மலையில் விளைகிற கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கலந்தாள். சட்டியைச் சாக்கால் மூடிவைத்தாள். இரண்டு மணி நேரத்தில் கெட்டிக் கஞ்சி நீர்த்துவிட்டது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். இனித்தது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருடமும் ஒரு நிதிக்குழுவும் போதவில்லை.

"மறுபடி கொதிக்க வெச்சு, ஆறினப்புறம் ஈஸ்ட்ட விடுவேன். மொதல்ல குக்கர்ல வேக வெச்ச கஞ்சில கொஞ்சமா வளத்துக்குவேன்" என்றாள். "நாலு நாள்ல அடியில சேறு மாதிரி படியும். வெயில்ல காயவெச்சு தவுட்டுல கலந்தா கோழி அடிச்சிக்கினு துண்ணும்."

காய்ந்த செதிலை விரலால் பிட்டு ஒரு நோட்டுத் தாளில் வைத்து, அம்மிக் குழவியால் நசுக்கினோம். தாளில் பஜ்ஜி கட்டினதுபோல் எண்ணெய் ஊறி, எழுத்து மறுபக்கம் தெரிந்தது. அந்த எண்ணெய் வட்டம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. நாங்கள் இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கொஞ்ச நேரம் சென்னையின் பழைய மேசையில் இருந்ததுபோலவே இருந்தது.

சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளியை மரச்சீனி என்போம், அவித்து மீன்கறியோடு சாப்பிடுவோம் என்று சொன்னேன். "இங்க அத ஆலைக்கு அனுப்பிட்டு, சக்கைய ஈஸ்ட்டுக்குப் போட்டுட்டு, நாம களி துண்றோம்" என்றாள் வளர்மதி.

சாப்பிட்டு முடித்ததும் குழாயைக் கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஒரு மண்பானையை எடுத்துவந்தாள். ஈரமணலுக்குள் ஆறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஈஸ்டின் மேல் பாரபின் எண்ணெய் ஊற்றி, காற்றுப் படாமல் தூங்கவைத்திருந்தாள். எங்கள் குளிர்பதனப் பெட்டியைவிட ஒழுங்காக இருந்தது.

"சேலத்துல ஒரு காலேஜ் லைப்ரரில நம்ம கட்டுரைய பாத்தேன்" என்றாள். "ஜவ்வரிசி ஆலைத் தொட்டில எறங்கி, அழுக்குத் தண்ணி மொண்டு, நூத்தம்பது தட்டுல தேய்ச்சி, இதக் கண்டுபிடிச்சது நானு. கட்டுரைல அவுரு பேரு கீது. ஒம் பேரு கீது. கடைசில நன்றின்னு ஒரு பத்தி போடுவாங்கல்ல? அதுல கண்ணாடி சாமான் கழுவுனவரு பேரு கூட கீது."

அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான். முதல் படியில் மூன்று பெயர்கள் அடித்திருந்தேன். பேராசிரியர் பென்சிலால் ஒன்றைக் கோடிட்டார். வேலையை விட்டுப் போனவள் பெயர் எதற்கு என்றார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தேன். ஒரு பெயர் குறைந்ததில் பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இதை எல்லாம் அவளிடம் சொன்னேன். உதவித்தொகை விஷயமும் சொன்னேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். வேலை அவளுக்குத்தான் நன்றாக வந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத" என்றாள். "நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். எனக்குக் கோழிக்குத் தீனி வெக்கிற நேரம்."

தீனி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்துக் கோடுபோட்ட தாள் இரண்டு கொடுத்தாள். அந்த ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியருக்கு நான் இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். பதினேழாம் எண் ஈஸ்டைப் பிரித்தெடுத்தவர் வளர்மதி, கட்டுரையில் அவர் பெயர் விடுபட்டது தவறு, திருத்தம் வெளியிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு முறை படித்தாள். ஓர் இலக்கணப் பிழையைத் திருத்தினாள். அந்தப் பிழை உண்மையாகவே பிழைதான்.

திருத்தம் அச்சில் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் பேராசிரியர் என்னோடு பேசவில்லை. ஆய்வகத்தில் நிறைய வேலை நடந்தது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மலையை விட்டு இறங்க வழியில்லை. நான் கஞ்சி கடைந்தேன். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தேன். வளர்மதி குழாய்களிலிருந்து என்னுடைய எட்டுக் குழாய்களுக்கு ஈஸ்டை மாற்றிக் கொடுத்தாள். விளக்குத் தீயில் கம்பியைச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, தொட்டு, கோடு இழுத்தாள். எட்டுக் கோடுகளும் ஒரே மாதிரி இருந்தன. மறுநாள் மாலைக்குள் எட்டிலும் லேசாகச் சிவப்பு படர்ந்தது.

நான்காம் நாள் மாலை மலை விளிம்புக்கு நடந்து போனோம். கீழே சமவெளியில் மூன்று இடத்தில் புகை.

"மரத்த கொளுத்துறாங்களா?" என்று கேட்டேன்.

வளர்மதி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். "ரோட்டுல இல்ல அது. கெழக்கால கீறது காலனி. கூரை வூடுங்க" என்றாள்.

பள்ளிக்கூட ரேடியோவில் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். எது யார் கட்டுக்குள் என்று சொல்லவில்லை.

அவள் பள்ளியில் படிக்கிற காலத்தில் காலனிப் பிள்ளைகள் அவள் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்களாம். அவர்களில் ஒரு பெண் இப்போது மூன்று பிள்ளைகளோடு அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழ் இருந்தாள். "எடம் கேக்கறது நாயம்" என்றாள் வளர்மதி. "எனக்கே வந்துருக்க வேண்டிய எடம். அதுக்காக அவங்க வூட்டுல நெருப்பு வெப்பாங்களா? அவங்களா என் எடத்த எடுத்தாங்க?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, உப்பு ஜீப் டிரைவர் நடந்தே மேலே வந்தார். போலீஸ் வந்து நிறையப் பேரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஏழுமலையையும். கடலூரில் வைத்திருக்கிறார்களாம்.

"மரம் வெட்டுனதுக்கா, வூடு கொளுத்துனதுக்கா?" என்று வளர்மதி கேட்டாள்.

"அது தெர்லீங்க டீச்சர். எல்லாரையும் ஒண்ணாத்தான் ஏத்துனாங்க."

அவள் சமையல்காரம்மாவிடம் மத்தைக் கொடுத்து, மணிக்கொருமுறை ஐம்பது தடவை என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு மஞ்சள் பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டாள். நான் பிளாஸ்கில் எட்டுக் குழாய்களை வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் நடந்தோம். கொஞ்ச தூரம் ஒரு டிராக்டர். அதன் டிரெய்லரில் எங்களோடு ஓர் ஆடு வந்தது. அது என் முந்தானையில் ஒரு சாண் அளவுக்குத் தின்றுவிட்டது. இறங்கினபிறகுதான் பார்த்தேன். வழியில் சாய்ந்து கிடந்த மரங்களை ஆட்கள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது போலீஸ் நின்று வேலை வாங்கியது. வெட்டியவர்களில் சிலரே எடுத்துப் போடுவதுபோலவும் தெரிந்தது.

கமால் பாயின் கடை பாதி ஷட்டரில் இருந்தது. வளர்மதியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, கவலப்படாதீங்க. வக்கீல் ஒர்த்தரு கடலூர்ல நம்ம சொந்தம். சீட்டு எழுதித் தரேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காலனி சனங்க கொஞ்சம் பேரு நம்ம குடோன்லதான் கீறாங்க. மும்தாஜு கஞ்சி காச்சிக்கினு கீது. கம்மியா கீது, இருந்தாலும் சாப்ட்டுப் போங்க."

வளர்மதி குடோனுக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். பெஞ்சில் கூட உட்கார்ந்த பெண் இருந்தாளா என்று கேட்டேன். இருந்தாள் என்றாள். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. கொழந்தைய வாங்கி வெச்சிக்கினேன். அது கஞ்சி குடிச்சிது."

ஆறாம் நாள் பேருந்துகள் மெல்ல ஓட ஆரம்பித்தன. உளுந்தூர்பேட்டை வரை இருவரும் நின்றுகொண்டே வந்தோம். அங்கே இறங்கினால் வடக்கே சென்னைக்கு ஒரு பஸ், கிழக்கே கடலூருக்கு ஒரு பஸ். இரண்டும் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. கமால் பாய் காலையில் பிளாஸ்கில் போட்டுத் தந்த ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டது. பேராசிரியர் நாளைக் காலை குழாய்களை எதிர்பார்ப்பார்.

"நீ கெளம்பு" என்றாள் வளர்மதி. "ஈஸ்ட்டு சூட்டுல கெட்டுடும்."

"உன் ஈஸ்ட் டிரம்முல வெயில்ல கெடக்குது. கெட்டுப்போச்சா?"

கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் முதலில் ஏறி இரண்டு இடம் பிடித்தேன்.

சிறை வாசலில் பெரிய கூட்டம். எல்லாம் பெண்கள். அம்மாக்கள், மனைவிகள், கைக்குழந்தைகள். மூன்று மணி நேரம் நின்றோம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் எந்த ஆட்கள் என்று கேட்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். வளர்மதி போனாள். நான் வேப்பமரத்தடியில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்டிகீதுன்னு கேட்டான். நல்லாகீதுன்னேன். அப்புறம் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். மரமா, வூடான்னு."

"என்ன சொன்னாரு?"

"மரம்னான். எத்தினின்னேன். நாலுன்னான். இன்னா இன்னா மரம்னேன். ரெண்டு புளி, ஒரு வேம்பு, ஒரு தூங்குமூஞ்சின்னான். எங்கெங்கன்னு கேட்டேன். ஒவ்வொண்ணா சொன்னான். திருப்பிக் கேட்டேன். மாத்தாம சொன்னான்." மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அப்புறம் அழுதான்" என்றாள்.

"நீ நம்புறியா?"

"ஊருக்குப் போய் அடிமரத்த எண்ணிப் பாப்பேன்" என்றாள். "நாலும் இருந்தா நம்புவேன்."

(பிறகு எண்ணிப் பார்த்தாள். நான்கும் இருந்தன. ஏழுமலையை மற்றவர்களோடு சேர்த்துச் சில வாரத்தில் விட்டுவிட்டார்கள். யார் வீடு கொளுத்தினார்கள் என்பது எந்த வழக்கிலும் தெரியவில்லை.)

நாங்கள் கிளம்பும்போது ஒரு காவலர் நீள நோட்டோடு வந்தார். பார்க்க வந்தவர்கள், கூட வந்தவர்கள் எல்லாரும் பெயர் எழுத வேண்டுமாம். வளர்மதி எழுதினாள். பிறகு நான் பெயர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'உறவு' என்று போட்டிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க யாரும்மா இவங்களுக்கு?" என்றார் காவலர்.

சிநேகிதி என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதற்குள் வளர்மதி சொன்னாள்.

"கூட வேல செய்றவங்க."

"எங்க வேல?"

"கல்வராயன் மலைல" என்றாள்.

நான் அப்படியே எழுதினேன்.